அடையாற்றுக்குக் குறுக்கே ஓர் ஆர்மீனியர்

தெற்கே போகும் சாலை: வரலாற்றுத் தொடர், பகுதி 7

தாம்பரத்துக்காரர்களுக்கு அடையாற்றை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்கி, மண்ணிவாக்கம், வரதராஜபுரம், முடிச்சூர் வழியாக வந்து, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கத்து உபரி நீரையும் சேர்த்துக்கொண்டு, அனகாபுத்தூரையும் விமான நிலையத்தையும் உரசியபடி சைதாப்பேட்டைக்குப் போகிற ஆறு. வருடத்தில் பல மாதம் ஆறு என்றே தோன்றாது. ஐப்பசி பிறந்தால் மேற்குத் தாம்பரத்தில் இருப்பவர்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2015 டிசம்பரில் முடிச்சூரில் மாடி வரை தண்ணீர் ஏறிப் படகுகள் தெருவுக்குள் வந்தன. விமான ஓடுதளம் மூழ்கியது. சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள் பாலத்தை மூடினார்கள். பாலம் மூடிய அந்த நாளில்தான், சென்னையும் அதன் தென்புறநகரும் ஆற்றின் இரு கரைகளில் இருக்கும் இரண்டு ஊர்கள் என்பது பலருக்கு உறைத்தது.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு வருடா வருடம் அதுதான் நிலை. கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போகிறவர்கள் தண்ணீர் வற்றிய காலத்தில் மணலில் இறங்கி நடந்தார்கள். வெள்ளம் வந்துவிட்டால் கரையில் காத்துக் கிடந்தார்கள். மலைமேல் கோயிலுக்குப் போகும் யாத்திரிகர், செங்கல்பட்டுப் பக்கமிருந்து நெல்லும் விறகும் கொண்டுவரும் மாட்டுவண்டி, ஓலை தூக்கி ஓடும் தபால்காரர் எல்லோருக்கும் ஒரே விதிதான்.

1726-ல் அந்த ஆற்றுக்குக் குறுக்கே ஒருவர் பாலம் கட்டினார். செலவு 30,000 வராகன். ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று வைத்தால், ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஒரு பெருங்கப்பலையும் அதன் சரக்கையும் நினைவூட்டும் தொகை. நவாபு கொடுக்கவில்லை, கிழக்கிந்தியக் கம்பெனி கொடுக்கவில்லை. சென்னைக்கு வந்து இரண்டே ஆண்டு ஆகியிருந்த ஓர் அயல்நாட்டு வணிகர் தன் கைப்பணத்தைப் போட்டார். அவர் பெயர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான்.

உஸ்கான் பிறந்தது 1680 வாக்கில், பாரசீகத்தின் இஸ்பஹான் நகரை ஒட்டிய நியூ ஜுல்பாவில். அந்த ஊரின் கதை தெரிந்தால்தான் இந்த மனிதர் பிடிபடுவார்.

ஆர்மீனியாவில், அராஸ் ஆற்றங்கரையில் ஜுல்பா என்றொரு வணிக நகரம் இருந்தது. துருக்கிய சுல்தானோடு போரிட்டுக்கொண்டிருந்த பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், 1604-05-ல் அந்த ஊர் எதிரியின் கையில் பயன்படக் கூடாது என்று அதைக் காலி செய்து, மக்களைத் தன் தலைநகரான இஸ்பஹானுக்கு ஓட்டிச் சென்றார். வழியில் செத்தவர்கள் ஏராளம். பிழைத்து வந்தவர்களுக்குத் தலைநகரின் தெற்கே, ஜாயந்தே ஆற்றின் அக்கரையில் இடம் கொடுத்தார். தேவாலயம் கட்டிக்கொள்ள அனுமதி, பட்டு வணிகத்தில் சலுகை எல்லாம் கிடைத்தன. ஷாவின் கணக்கு எளிது. பாரசீகப் பட்டை ஐரோப்பாவில் விற்று வெள்ளியாக மாற்றித் தர, கிறித்தவர்களோடும் முஸ்லிம்களோடும் ஒரே லாவகத்தோடு பேசத் தெரிந்தவர்கள் அவருக்கு வேண்டியிருந்தார்கள். அகதிகள் இரண்டு தலைமுறைக்குள் உலக வணிகர்களானார்கள்.

அவர்களுடைய தொழில் முறை கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தக்கது. ஜுல்பாவில் உட்கார்ந்திருக்கும் பெரிய வணிகர் கோஜா. முதல் அவருடையது. அந்த முதலை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர் ஒரு முகவர். சூரத், ஆக்ரா, சென்னை, மணிலா என்று அவர் பல ஆண்டுகள் சுற்றுவார்; வாங்குவார், விற்பார், ஒவ்வொரு காசையும் குறிப்பேட்டில் எழுதுவார். ஊர் திரும்பியதும் கணக்கு ஒப்படைத்து, லாபத்தில் பெரும்பாலும் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒரு பங்கு வரை எடுத்துக்கொள்வார். ஹோவ்ஹானஸ் என்ற ஒரு முகவர் 1680-களில் இப்படிப் புறப்பட்டு, இந்தியா முழுக்கச் சுற்றி, திபெத்தின் லாசாவில் ஐந்தாறு ஆண்டு கடை போட்டிருந்தார். அவர் எழுதிய கணக்கேடு இன்றும் லிஸ்பனில் இருக்கிறது. கணக்கில் பொய் சொன்ன முகவருக்கு ஜுல்பாக்காரர் எவரும் மறுபடி முதல் கொடுக்கமாட்டார்கள். கடிதங்கள் ஊருக்கு ஊர் போய்க்கொண்டே இருந்ததால் ஒருவருடைய பேர் கெட்டால் அது கப்பலைவிட வேகமாகப் பரவியது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் ஆள் அனுப்பிக் கொடுக்கல் வாங்கல் நடத்திய நம்முடைய நகரத்தார் குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாகத் தோன்றாது.

சென்னைக்கு ஆர்மீனியர்கள் 17-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டார்கள். 1688-ல் லண்டனில் கோஜா பானோஸ் கலந்தர் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். கம்பெனியின் ஊர்களில் ஆர்மீனியர்கள் ஆங்கிலேயருக்குச் சமமாக வணிகம் செய்யலாம். எங்கே நாற்பது ஆர்மீனியருக்கு மேல் குடியேறுகிறார்களோ அங்கே கம்பெனி அவர்களுக்கு ஒரு தேவாலயம் கட்டித் தரும். பாதிரியாருக்கு ஏழு ஆண்டு வருடம் 50 பவுன் கொடுக்கும். ஆங்கிலேயர் இவ்வளவு இறங்கி வந்ததற்குக் காரணம் அன்பு இல்லை. ஆக்ராவிலும் இஸ்பஹானிலும் வாசல்கள் எந்தப் பக்கம் திறக்கும் என்பது ஆர்மீனியர்களுக்குத் தெரிந்திருந்தது.

1724-ல் உஸ்கான் சென்னையில் குடியேறியபோது அவருடைய செல்வத்தின் ஊற்று மணிலாவில் இருந்தது. மணிலா ஸ்பானியர் ஆட்சியில் இருந்த துறைமுகம். ஒவ்வோர் ஆண்டும் மெக்சிகோவின் அகாபுல்கோவிலிருந்து பெரிய கப்பல் ஒன்று பசிபிக் கடலைக் கடந்து வெள்ளியோடு அங்கே வந்து சேரும். ஆசியாவின் துணிக்கும் பட்டுக்கும் அந்த வெள்ளிதான் விலை. சோழமண்டலக் கரையின் துணிக்கு மணிலாவில் நல்ல கிராக்கி. ஆனால் ஆங்கிலேயக் கப்பல்களுக்கும் டச்சுக் கப்பல்களுக்கும் ஸ்பானியர் அங்கே இடம் கொடுப்பதில்லை. ஆர்மீனியருக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே சென்னைக் கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயர்கள் தங்கள் சொந்தப் பணத்தை ஆர்மீனியப் பெயரில், ஆர்மீனியக் கொடி பறக்கும் கப்பலில் போட்டு மணிலாவுக்கு அனுப்பினார்கள்.

சரக்கு போகும் வழியைக் கொஞ்சம் பாருங்கள். செங்கல்பட்டுச் சீமையிலும் காஞ்சிபுரத்திலும் தறியிலிருந்து இறங்கிய துணி, துபாஷிகள் கைமாறி, கருப்பர் நகரக் கிடங்குகளில் மூட்டையாகும். சென்னைக்கு அன்று துறைமுகம் கிடையாது. கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலையை ஏறிக் கடந்து தொலைவில் நங்கூரமிட்ட கப்பலுக்கு மூட்டைகளைக் கொண்டுபோகும். தென்மேற்குக் காற்று பிடித்துப் புறப்பட்ட கப்பல், வடகிழக்குக் காற்றோடு வெள்ளியைச் சுமந்து திரும்பும். மெக்சிகோவின் சுரங்கத்தில் வெட்டிய வெள்ளி ஒரு நெசவாளிக்கு முன்பணமாகக் காஞ்சிபுரத்துக்கு வந்து சேர இந்தச் சுற்று வேண்டியிருந்தது. அதன் நடுவில் உட்கார்ந்திருந்தவர் உஸ்கான்.

இப்படிப்பட்டவர் வாழ்நாளெல்லாம் ஒரு பாடத்தைப் படித்திருப்பார்: முதல் ஓரிடத்தில் நிற்கக் கூடாது. சரக்காக இரு, வெள்ளியாக இரு, கடன்பத்திரமாக இரு, நகர்ந்துகொண்டே இரு. அதுவும் அவர் குடியேறிய காலத்தைப் பார்த்தால் அந்தப் பாடத்துக்கு இரட்டிப்பு வலு. 1722-ல் ஆப்கானியர் இஸ்பஹானை முற்றுகையிட்டு வீழ்த்தினார்கள். நியூ ஜுல்பாவின் செல்வத்தைச் சுரண்டி எடுத்தார்கள். சொந்த ஊரில் நிலமும் வீடும் வைத்திருந்த கோஜாக்கள் ஓட்டாண்டியானார்கள். தூர தேசத்தில் முதல் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் தப்பித்தார்கள். அந்தச் சேதி காதில் விழுந்து சில ஆண்டுகளுக்குள், எடுத்துக்கொண்டு போகவே முடியாத ஒரு பொருளில் உஸ்கான் 30,000 வராகனைப் போட்டார்.

ஏன் செய்தார்?

பக்தி ஒரு காரணம். அதில் சந்தேகம் வேண்டாம். சென்ற பகுதியில் பரங்கிமலைக் கோயிலைப் பார்த்தோம்: 1523-ல் போர்த்துக்கீசியர் கட்டியது, 1547-ல் பஹ்லவி எழுத்துப் பொறித்த சிலுவைக்கல் கிடைத்தது. தோமையாரின் மலை என்று கிறித்தவர்கள் நம்பிய அந்த இடம் ஆர்மீனியர்களுக்கும் புனிதம். உஸ்கான் பாலத்தோடு நிற்கவில்லை. சுமார் முந்நூறு அடி உயரமுள்ள மலையில் முதியவர்களும் ஏற வசதியாகக் கல்லில் படிக்கட்டுகளை அமைத்தார். இன்றும் மாதா கோயிலுக்குப் படியேறிப் போகிறவர்கள் அவர் வகுத்த வழியில்தான் ஏறுகிறார்கள். படிக்கட்டுக்கும் பாலத்துக்கும் பிற்காலப் பராமரிப்புக்காகத் தனியே பணம் ஒதுக்கினார். கட்டியதைக் காப்பாற்றவும் காசு வேண்டும் என்பதைக் கணக்குத் தெரிந்த மனிதர் மறக்கவில்லை. நம் காலத்துப் பொதுப்பணிகளில் பல இந்த இரண்டாவது கணக்கு இல்லாமல்தான் பாழாகின்றன.

பக்தியோடு இன்னொன்றும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். நியூ ஜுல்பா இருந்தது ஆற்றின் தென்கரையில். தலைநகரம் வடகரையில். இரண்டையும் இணைத்தது ஒரு பாலம். ஷா அப்பாஸின் தளபதி அல்லாவெர்தி கானின் மேற்பார்வையில் கட்டப்பட்டு, 33 வளைவுகளோடு இன்றும் இஸ்பஹானின் பெருமையாக நிற்கிற சி-ஒ-ஸே-போல். ஜுல்பாவில் பிறந்த ஒரு சிறுவன் தலைநகரின் கடைவீதிக்குப் போக அந்த ஆற்றைத்தான் தாண்ட வேண்டும். ஆற்றுக்கு அப்பால் ஒதுக்கப்பட்ட ஒரு குடியிருப்பு எதனால் பிழைக்கிறது என்பது அந்த ஊர்க்காரர் உடம்பிலேயே ஊறியிருக்கும். சென்னைக்கு வந்தார்; வடக்கே கோட்டை, தெற்கே மலை, நடுவே பாலமில்லாத ஆறு. கோட்டையில் பிறந்து வளர்ந்த ஆங்கிலேயர் கண்ணுக்கு அது ஒரு தொந்தரவு. ஜுல்பாக்காரர் கண்ணுக்கு அது முடிக்கப்படாத வேலை.

ஒரு விஷயம் இங்கே கவனிக்க வேண்டும். 1726-ல் சைதாப்பேட்டையும் அதற்குத் தெற்கே உள்ளதெல்லாமும் கம்பெனியின் நிலம் இல்லை. ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் சீமை அது. செங்கல்பட்டு ஜாகிர் கம்பெனி கைக்கு வந்தது 1763-ல்தான். ஆக, கம்பெனியின் ஊரில் குடியிருந்த பாரசீகக் குடிமகனான ஆர்மீனியர், முகலாயர் பெயரில் ஆண்ட நவாபின் நிலத்தில், தமிழர்கள் நடந்து போக ஒரு பாலம் கட்டினார். பாலத்தின் வடமுனையில் நட்ட கல்லில் அது மூன்று மொழிகளில் பொறிக்கப்பட்டது: பாரசீகம், ஆர்மீனியம், இலத்தீன். நவாபின் அரசவைக்குப் பாரசீகம், தன் இனத்தாருக்கு ஆர்மீனியம், ஐரோப்பியப் பாதிரிகளுக்கு இலத்தீன். அந்தப் பாலத்தில் மற்ற எல்லோரையும்விட அதிகமாக நடந்தவர்களின் மொழி அதில் இல்லை. எனக்கு அது இன்றும் வருத்தம் தருகிறது. அவரைக் குறைசொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அன்றைய சென்னையில் தமிழ் பேசியவர்கள் துணி நெய்தார்கள், படகு ஓட்டினார்கள், கணக்கு எழுதினார்கள். அவர்களைப் பார்த்துக் கல்வெட்டுப் பேச வேண்டும் என்று எந்தச் செல்வருக்கும் தோன்றவில்லை.

மாம்பலத்தின் பெயரை ஐரோப்பியர் திரித்ததில் உஸ்கானின் பாலம் மர்மலாங் பாலம் ஆயிற்று. கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் உடன் சென்ற ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ் 1780-களின் தொடக்கத்தில் சென்னையில் இருந்தார். அவர் இந்தப் பாலத்தை வரைந்தார். முன்னால் ஒரு சிப்பாயும் உள்ளூர் மக்களும், பின்னால் பாலம். அந்த ஓவியம் இப்போது அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது.

உஸ்கானின் வாழ்க்கையில் உண்மையான சோதனை 1746-ல் வந்தது. அந்தச் செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையில் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்தன, கோட்டை சரணடைந்தது. அடுத்த மாதங்களில் நவாபின் பெரும்படை அடையாற்றின் முகத்துவாரத்தருகே ஒரு சிறிய பிரெஞ்சுப் படையிடம் தோற்று ஓடியது. ஆங்கிலேயர்கள் கடலூருக்குப் பின்வாங்கினார்கள். பிரெஞ்சுக்காரர் கையில் உஸ்கானின் சொத்துகள் சிக்கின.

புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு வணிகர்களின் அருமை தெரியும். துபாஷியும் வணிகருமான ஆனந்தரங்கப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்திருந்தவர் ஆயிற்றே. சென்னையின் பெருவணிகர்களைப் புதுச்சேரிக்கு இழுத்துவிட்டால், கோட்டையை என்றாவது திருப்பிக் கொடுக்க நேர்ந்தாலும் அது வெறுங்கூடாகத்தான் போகும் என்று கணக்குப் போட்டார். புதுச்சேரிக்கு வந்து குடியேறினால் பறித்த சொத்தெல்லாம் திருப்பித் தரப்படும் என்று உஸ்கானுக்கு ஆசை காட்டினார்.

உஸ்கான் மறுத்தார். டேனியரின் தரங்கம்பாடிக்குப் போய்த் தங்கினார்.

வயது 66 இருக்கும். அந்த வயதில் பாதி வாழ்நாளின் சம்பாத்தியத்தை வேண்டாம் என்று சொல்வது சாதாரண முடிவு இல்லை. ஆங்கில ஆசிரியர்கள் பிற்காலத்தில் இதைக் கம்பெனிமீதான விசுவாசம் என்று எழுதினார்கள். என் மனம் அதை முழுதாக ஏற்கவில்லை. மணிலாவுக்கும் ஜுல்பாவுக்கும் இடையே நூறு பேர் அவர் கையெழுத்தை நம்பி முதல் போட்டிருந்தார்கள். துப்பாக்கி முனையில் இடம் மாறிய வணிகரின் கையெழுத்துக்கு அதன்பின் என்ன மதிப்பு? பறிபோன சரக்கைத் திரும்பச் சேர்க்கலாம். நாணயம் போனால் ஜுல்பாக்காரருக்கு எதுவும் மிஞ்சாது. அதோடு, அவருடைய பாலமும் படிக்கட்டும் இருந்தது சென்னையில். அவற்றை டூப்ளேயால் புதுச்சேரிக்குப் பெயர்த்துத் தர முடியாது.

1749-ல் சமாதான உடன்படிக்கையின்படி சென்னை ஆங்கிலேயருக்குத் திரும்பியது. திரும்பிய ஆங்கிலேயர் நன்றியோடு வரவில்லை, சந்தேகத்தோடு வந்தார்கள். கத்தோலிக்கர்கள் பிரெஞ்சுக்காரருக்கு உதவினார்கள் என்று குற்றம் சாட்டினார்கள். கோட்டைக்குள் இருந்த கப்புச்சின் துறவிகளின் தேவாலயம் பறிக்கப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. ஆர்மீனியர்கள் வெள்ளையர் நகரத்தில் குடியிருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. 1688-ல் ஆங்கிலேயருக்குச் சமம் என்று கையெழுத்திட்டுக் கொடுத்த அதே கம்பெனி! மணிலாவுக்கு ஆர்மீனியக் கொடி வேண்டியிருந்த நாட்கள் எவ்வளவு வசதியாக மறந்துபோயின.

வேப்பேரியில் உஸ்கான் பணம் போட்டுக் கட்டிய ஒரு சிற்றாலயம் இருந்தது, அற்புத மாதாவின் பெயரில். அதையும் எடுத்துக்கொள்ளக் கம்பெனி பார்த்தது. உஸ்கான் எதிர்த்து நின்றார். அவர் உயிரோடு இருந்தவரை அது கைமாறவில்லை. 1751 ஜனவரி 15 அன்று அவர் இறந்தார். அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். அவர் விரும்பியபடி இதயத்தை மட்டும் தனியே எடுத்து, ஒரு பேழையில் வைத்து, கடல் கடந்து ஜுல்பாவுக்கு அனுப்பினார்கள்.

அடுத்த ஆண்டே, 1752-ல், கம்பெனி அந்த ஆலயத்தைப் புராட்டஸ்டண்ட் மிஷனைச் சேர்ந்த பப்ரிசியஸிடம் கொடுத்துவிட்டது. பப்ரிசியஸ் தமிழில் விவிலியத்தை மொழிபெயர்த்தவர், அகராதி தொகுத்தவர். 1761-ல் புதுச்சேரி விழுந்தபோது அங்கே கைப்பற்றிய அச்சு இயந்திரத்தை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் கொண்டுவர, அது வேப்பேரி மிஷன் வளாகத்துக்கு வந்தது. சென்னையில் தமிழ் அச்சு வேர்விட்ட இடம் அதுவே. இப்போது அங்கே இருப்பது புனித மத்தியாஸ் ஆலயம். உஸ்கானின் கல்லறைக் கல் அங்கே இருக்கிறது.

பாலம் அவரைவிட இருநூறு ஆண்டுக்கு மேல் நீடித்தது. பரங்கிமலையில் பீரங்கிப் படை வந்து குடியேறியதும், பல்லாவரத்தில் தண்டு அமைந்ததும், பட்டாளத்தை நம்பிக் கடைத்தெருக்கள் முளைத்ததும், குரோம்பேட்டையில் தோல் ஆலை வந்ததும் இந்தச் சாலையின் மேல்தான். ரயில் இந்தப் பாலத்தைச் சார்ந்ததில்லை; 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கியபோது அதற்கு அடையாற்றின் மேல் தனிப் பாலம் இருந்தது. ஆனால் ரயில் வந்து நிற்க அங்கே ஊர்கள் இருந்தன என்றால், சாலை முந்திப் போயிருந்ததுதான் காரணம்.

1960-களில் பழைய பாலம் போதாமல் போய், 1966-ல் புதிய பாலம் எழுந்தது. அதற்கு மறைமலை அடிகள் பெயர் வைத்தார்கள். அடிகள் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்துவிட்டு, 1911-ல் பல்லாவரத்துக்குக் குடிவந்து கடைசி வரை அங்கேயே வாழ்ந்தவர். அந்தக் கல்லூரியும் 1937-ல் இதே சாலை வழியாகத் தாம்பரத்துக்கு வந்துவிட்டது. பெயர்ப் பொருத்தத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை கல்லைப் பற்றியது. சாலைமேல் சாலையாகத் தார் போட்டு மட்டம் உயர உயர, 1726-ஆம் ஆண்டின் அந்த மும்மொழிக் கல் ஒவ்வோர் அங்குலமாக மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. சென்னையின் வரலாற்றை எழுதிய எஸ். முத்தையாவும் அவருக்குப் பின் வந்த ஆர்வலர்களும் எழுதி எழுதித்தான் அது நினைவில் இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு சிறு வேலியும், அந்த மூன்று மொழிகளோடு நான்காவதாகத் தமிழில் ஒரு விளக்கப் பலகையும் வைக்க நெடுஞ்சாலைத் துறைக்குப் பெரிய செலவாகாது. கத்திப்பாராவிலிருந்து தாம்பரம் வரை இந்தச் சாலையில் பிழைப்பு நடத்துகிற நாம் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

உஸ்கான் இறந்து எட்டு ஆண்டுகளில் பாலத்தின் தெற்கே வேறு விதமான கூட்டம் வந்தது. 1759 பிப்ரவரியில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது, ஆங்கிலேய அதிகாரி காலியோவும், மருதநாயகம் என்று அறியப்பட்ட கான்சாகிபு யூசுப் கானும் பரங்கிமலை அடிவாரத்தில் நின்று பிரெஞ்சுப் படையை எதிர்கொண்டார்கள். மருதநாயகம் தாம்பரம் சாலையில் போரிட்ட அந்த நாள் அடுத்த பகுதியில்.

(தொடரும்)